அறுபது நாள் ஆய்வும் முன்பணமும்: கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி எங்கே தொடங்குகிறது

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து சேலம் சாலை பிரிகிற ஊர் உளுந்தூர்பேட்டை. இங்கே ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் வீட்டார் அந்தப் பதற்றத்திலேயே ஒரு முடிவும் எடுத்தாக வேண்டும். உள்ளூர் அரசு மருத்துவமனைக்குப் போவதா, மேற்கே கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரிக்கா, விழுப்புரத்தைத் தாண்டி முண்டியம்பாக்கத்துக்கா, இல்லை நேரே புதுச்சேரி ஜிப்மருக்கா? வாடகைக் கார் கிடைப்பது, 108 வந்து சேர்வது, ‘வாயுப் பிடிப்பாக இருக்கும்’ என்று யாராவது சொல்லிச் சுக்குக் கஷாயம் வைப்பது என்று ஒவ்வொன்றும் நேரத்தைத் தின்னும்.

இந்த நேரத்தை இந்திய அளவில் கணக்கிட்டவர்கள் உண்டு. 89 மருத்துவமனைகளில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைப் பதிவுசெய்து டெனிஸ் சேவியரும் அவருடைய குழுவினரும் 2008-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ‘கிரியேட்’ ஆய்வு அது. வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனையை அடைய ஆன இடைநிலை நேரம் 360 நிமிடம். உள்ளே வந்தபின் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட ஆனது 50 நிமிடம். ஆறு மணி நேரம் மருத்துவமனைக்கு வெளியேதான் போயிருக்கிறது. உளுந்தூர்பேட்டை வட்டத்தில் அது எத்தனை நிமிடம்? எந்த இடத்தில் அதிகம் வீணாகிறது? இதற்குப் பன்னாட்டு ஆய்வுக்கூடம் தேவையில்லை. கேஸ் ஷீட்டுகளைப் படித்து, நோயாளிகளையும் குடும்பத்தாரையும் சந்தித்துப் பேசி, ஒரு மருத்துவ மாணவர் இரண்டு மாதத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலைதான்.

அந்த இரண்டு மாதச் செலவை யார் ஏற்பது, எப்போது ஏற்பது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. மாணவர் ஆராய்ச்சி பற்றிய பேச்செல்லாம் உதவித்தொகை எவ்வளவு என்பதிலேயே சுற்றி வருகிறது. என் பார்வையில் தொகையைவிடப் பெரிய சிக்கல்கள் இரண்டு. ஒன்று, பணம் வேலை முடிந்த பிறகு வருகிறது. மற்றது, வருகிற பணம் மாணவருக்கானது. ஆய்வுக்கென்று தனியாக ஒரு ரூபாயும் இல்லை. எந்த மாணவர் ஆய்வு செய்கிறார் என்பதை மட்டுமல்லாமல், எந்த இதயங்கள் ஆராயப்படுகின்றன என்பதையும் இவ்விரண்டும் தீர்மானிக்கின்றன.

இருக்கும் திட்டமும் அதன் விதியும்

இந்தியாவில் இளநிலை மருத்துவ மாணவருக்கான குறுகிய கால ஆராய்ச்சிப் பயிற்சி என்றால் முதலில் நினைவுக்கு வருவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) குறுகியகால மாணவர் உதவித்தொகைத் திட்டம். கல்லூரி வட்டாரத்தில் எஸ்.டி.எஸ். என்றால்தான் தெரியும். 1979-இல் தொடங்கியது. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர் தம் கல்லூரி ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு ஆய்வு முன்மொழிவு அனுப்ப வேண்டும். தேர்வானால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு இரண்டு மாதம் வேலை செய்து அறிக்கை தர வேண்டும். உதவித்தொகை ஒரு காலத்தில் 10,000 ரூபாய், பின்பு 20,000, 2022 முதல் 50,000. இந்த உயர்வு பாராட்டுக்குரியது, அதில் ஐயமில்லை.

ஆனால் விதியை நிதானமாகப் படிக்க வேண்டும். அறிக்கை ஏற்கப்பட்ட பிறகே தொகையும் சான்றிதழும். அறிக்கை ஏற்கப்படவில்லையென்றால் இரண்டுமே இல்லை. ஆய்வுக்கான செலவை ஐ.சி.எம்.ஆர். தருவதில்லை; கல்லூரியோ வழிகாட்டியோ பார்த்துக்கொள்ள வேண்டும். நடைமுறையில் மாணவர் தம் பையிலிருந்து போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார். வீட்டிலிருந்து பணம் வரவழைக்க முடிந்த மாணவருக்கு இது சின்ன அசௌகரியம். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய நிலையில் உள்ளவருக்கோ அது சாத்தியமே இல்லாத காரியம்.

இதைக் கள்ளக்குறிச்சியில் வைத்துப் பார்ப்போம். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26-இல் செயல்படத் தொடங்கிய மாவட்டம் இது. சிறுவங்கூரில் அமைந்த அரசு மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரி 12-இல் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஒன்று. ஆண்டுக்கு 150 இடங்கள். 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டால் அரசுப் பள்ளி மாணவர்கள் இத்தகைய கல்லூரிகளுக்குள் வந்திருக்கிறார்கள். அவர்களது கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. அந்த ஒதுக்கீட்டின் நியாயம் வகுப்பறை வாசலோடு நின்றுவிட்டதா, ஆய்வுக்கூடம் வரை போகிறதா என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

புதிய கல்லூரி என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: மூத்த மாணவர் குறைவு, முன்மொழிவு எழுதிப் பழகிய ஆசிரியரும் குறைவு. சமிரன் நண்டி உள்ளிட்டோர் 2016-இல் வெளியிட்ட கணக்கெடுப்பு, 2005 முதல் 2014 வரை 579 இந்திய மருத்துவ நிறுவனங்களின் வெளியீடுகளை எண்ணிப் பார்த்தது. ஆண்டுக்கு நூறு கட்டுரைக்கு மேல் வெளியிட்டவை 25 மட்டுமே. 332 நிறுவனங்கள், அதாவது 57.3 விழுக்காடு, அந்தப் பத்தாண்டில் ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை. வழிகாட்டி ஆசிரியரே ஆய்வு செய்திராத கல்லூரியில் மாணவரின் ஆய்வு தானாக முளைத்துவிடாது. இருந்தும் எஸ்.டி.எஸ். முழுக்க வழிகாட்டியின் தோளில்தான் நிற்கிறது.

மாணவரால் என்ன முடியும்

‘படிக்கிற பிள்ளை என்ன பெரிய ஆராய்ச்சி செய்துவிடும்?’ என்பது ஊரில் மட்டுமல்ல, கல்லூரிக்குள்ளும் கேட்கிற குரல். இதயவியல் வரலாற்றிலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

1906-ஆம் ஆண்டுக் கோடை. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உடற்கூறியலாளர் ஆர்தர் கீத், தம் கிராமத்து வீட்டிலேயே மார்ட்டின் ஃபிளாக் என்ற மருத்துவ மாணவருக்கு வேலை செய்ய இடம் ஒதுக்கியிருந்தார். கீத்தும் மனைவியும் ஒரு நாள் மிதிவண்டியில் உலாவச் சென்று திரும்பியபோது, அகழெலியின் இதயத்தை வெட்டிச் சாயமேற்றிப் பார்த்துக்கொண்டிருந்த ஃபிளாக், வலது மேலறையில் தாம் கண்ட விசித்திரமான ஓர் அமைப்பைக் காட்டினார். இதயத்துடிப்பு தொடங்குகிற சைனஸ் கணு அதுதான். இருவரும் 1907-இல் அதை வெளியிட்டார்கள். பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டவர்கள் இன்று எத்தனையோ பேர். அந்தக் கருவி எதன் வேலையைச் செய்கிறதோ அதைக் கண்டவர் விடுமுறையில் இருந்த ஒரு மாணவர்.

1916-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில் ஜே மெக்லீன் என்ற இரண்டாமாண்டு மாணவர் வில்லியம் ஹொவெலின் ஆய்வுக்கூடத்தில் ரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்ததோ உறையாமல் தடுக்கும் ஒரு பொருள். ஹெப்பாரின் கதை அங்கிருந்து கிளம்புகிறது. கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு எவ்வளவு என்ற சர்ச்சை பின்னால் நீண்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் கேள்விக்கு அதைவிட முக்கியமான விவரம், மெக்லீன் வேலை செய்து சேர்த்த பணத்தோடு படிக்க வந்தவர் என்பது. ஆய்வுக்கான நேரத்தை அவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்துதான் வாங்கிக்கொண்டார்.

இந்தக் கதைகளைச் சான்றாக எடுத்துக்கொள்வதில் ஓர் அபாயம் உண்டு. வெற்றி பெற்றவர் பெயர் மட்டும் நூலில் நிற்கிறது. வெறுங்கையோடு திரும்பிய ஆயிரம் மாணவர் பெயர் நிற்பதில்லை. ஆகவே கொஞ்சம் சலிப்பான சான்றுகளையும் பார்த்தாக வேண்டும். மாணவர் ஆராய்ச்சி குறித்த பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வந்த மேலாய்வு, மாணவப் பருவத்தில் ஆய்வு செய்தவர்கள் பின்னாளில் அதிகம் வெளியிடுவதையும் ஆராய்ச்சிப் பணியில் நிலைப்பதையும் காட்டுகிறது. ஆனால் அதில் திரண்ட தரவுகள் பெரும்பாலும் கேட்டறிந்தவை, குலுக்கலிட்டுப் பிரித்துச் சோதித்தவை அல்ல. ஆர்வம் உள்ளவர்தான் முதலில் விண்ணப்பிக்கிறார்; அவரே பின்னாலும் ஆய்வு செய்கிறார். பயிற்சி ஆராய்ச்சியாளரை உருவாக்கியதா, ஆராய்ச்சியாளராகப் போகிறவர் பயிற்சியைத் தேடி வந்தாரா? இதைப் பிரித்துச் சொல்ல அந்தத் தரவுகளால் முடியாது. பயிற்சி கொடுத்தால் விஞ்ஞானி விளைவார் என்ற வாதத்தை நான் முன்வைக்காததற்கு இதுவே காரணம். என் வாதம் அதைவிட அடக்கமானது: உள்ளூர்க் கேள்விகளுக்கு விடை தேட உள்ளூர் மாணவர்தான் கிடைப்பார்.

கல்வராயன் மலையில் ஒரு கணக்கு

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டிச் சாலை மேலேறினால் வெள்ளிமலை. மலையாளிப் பழங்குடியினர் வாழும் கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தாரர்களின் பிடியில் இருந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. மலையைப் பற்றிய கேள்விகளைச் சாவுக்குப் பிறகுதான் கேட்கிறோம் என்று சொன்னால் அதில் மிகையில்லை.

மலையில் சாமையும் தினையும் தின்று, ஏறி இறங்கி உழைக்கிறவர்களுக்கு ரத்தக்கொதிப்பு வருமா என்று கேட்பவர்கள் படித்தவர்களிலும் உண்டு. வருகிறது. தமிழ்நாடு உள்ளிட்ட ஒன்பது மாநிலப் பழங்குடியினரிடையே தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பு எடுத்த கணக்கெடுப்பு 2015-இல் வெளியானது. வயதுவந்தவரில் நால்வரில் ஒருவருக்கு மேல் ரத்த அழுத்தம் அதிகம் என்றது அது. தமிழ்நாடு முழுவதற்குமாக 2020-இல் நடந்த ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பில் இது 33.9 விழுக்காடு; அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காடு மட்டுமே. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்த இடைவெளியை அடைக்க வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. கல்வராயன் மலைச் சிற்றூர்களில் அது எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது நல்ல ஆய்வுக் கேள்வி.

இதை ஒரு மாணவர் எடுத்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். மாநில அளவான 33.9 விழுக்காட்டை அடிப்படையாக வைத்து, ஐந்து விழுக்காடு முன்பின் இருக்கலாம், 95 விழுக்காடு நம்பகம் வேண்டும் என்று வழக்கமான சூத்திரத்தில் போட்டால் 345 பேர் வேண்டும். தனித்தனி ஆட்களைக் குலுக்கி எடுக்க மலையில் வழியில்லை. சிற்றூர்களைக் குலுக்கி எடுத்து அங்குள்ளவர்களைப் பார்க்க வேண்டும். ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் எண்ணிக்கையை ஒன்றரை மடங்காக்குவது முறை, 518 ஆகிறது. இரண்டு மாதத்தில் ஞாயிறும் வகுப்பும் மழையும் போக 45 நாள் மிஞ்சினால் நாளொன்றுக்குப் பன்னிரண்டு பேர். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை அளந்து, கேள்விகள் கேட்டு முடிக்க ஓர் ஆளுக்கு இருபத்தைந்து நிமிடம். ஐந்து மணி நேர வேலை. இதில் பேருந்துக்குக் காத்திருப்பதும் சிற்றூருக்குச் சிற்றூர் நடப்பதும் சேரவில்லை.

காகிதத்தில் இது முடிகிற கணக்கு. நெருக்கடி வேறிடத்தில் வருகிறது. காலைப் பேருந்தில் ஏறி மாலைப் பேருந்தில் இறங்கிவிடுகிற மாணவருக்குப் பகலில் வீட்டில் இருப்பவர்களே கிடைப்பார்கள்: முதியவர்கள், கைக்குழந்தை உள்ள பெண்கள். காட்டு வேலைக்குப் போனவர், எஸ்டேட் வேலைக்கு வெளியூர் போய் எப்போதாவது திரும்புகிறவர், புகைக்கிறவர், குடிக்கிறவர், அதாவது மாரடைப்புக்கு நெருக்கமான வயதில் உள்ள ஆண்கள் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களை அளக்க மாலையிலும் விடியலிலும் ஊரில் இருக்க வேண்டும். அதற்கு மலையில் தங்க வேண்டும். தங்கவும் சாப்பிடவும் பணம் வேண்டும். மாணவியென்றால் துணைக்கு ஒருவரும் வேண்டும். அவருக்கும் செலவு உண்டு. தங்கும் செலவுக்குப் பணமில்லாத ஆய்வு, தன்னையறியாமல் ஆரோக்கியமானவர்களின் பக்கமோ முதியவர்களின் பக்கமோ சாய்கிறது. அறிக்கையில் அது ‘ஆய்வின் வரம்புகள்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியாக முடிந்துவிடும். மாவட்ட நிர்வாகம் படிப்பதோ விழுக்காட்டை மட்டும்.

கருவியின் விஷயம் இதைவிடக் கடுமையானது. குழந்தைப் பருவத்துத் தொண்டைப்புண்ணில் தொடங்கி வால்வுகளைக் கெடுக்கும் ருமாட்டிக் இதயநோய் வறுமையோடு ஒட்டிய நோய். மலைப்பகுதியில் தேட வேண்டியது. 2001–02-இல் வேலூர் வட்டாரக் கிராமப் பள்ளிகளில் 2,29,829 பிள்ளைகளைப் பரிசோதித்த வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஆயிரத்துக்கு 0.68 பேரிடம் இந்நோயைக் கண்டார்கள். நோய் குறைந்துவருகிறது என்ற நம்பிக்கை இதனால் வலுப்பட்டது. ஹரியானாவின் பல்லப்கரில் அனிதா சக்சேனா குழுவினர் செய்து 2011-இல் வெளியான ஆய்வோ வேறொன்றைக் காட்டியது. அதே பள்ளிப் பிள்ளைகளை ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தால் ஆயிரத்துக்கு 0.8, எக்கோ வைத்துப் பார்த்தால் 20.4. இருபத்தைந்து மடங்கு வேறுபாடு, கருவியால் மட்டும். எக்கோவில் தெரிகிற சிறு கசிவெல்லாம் பின்னால் நோயாக முற்றுமா என்பதில் இதயவியலாளர்களுக்குள் ஒருமித்த கருத்தில்லை, 20.4 என்ற எண்ணை அப்படியே நோயாளிகளின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்வது சரியாகாது. ஆனாலும் ஸ்டெதாஸ்கோப்பை மட்டும் நம்பி மலைக்குப் போகிற மாணவர் ‘இங்கே நோய் இல்லை’ என்று எழுதிக்கொண்டு வரும் வாய்ப்பு மிகப் பெரிது. தவறான நிம்மதியைத் தரும் ஆய்வு நடக்காமல் இருப்பதே நல்லது.

செலவுக்குப் பணம் தராத திட்டத்தில் மாணவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதை இங்கிருந்து ஊகிக்கலாம். கேள்வித்தாள். வெளிநோயாளிப் பிரிவில் வரிசையில் நிற்பவர்களிடமோ சக மாணவர்களிடமோ ‘அறிவு, மனப்பான்மை, நடைமுறை’ என்று இருபது கேள்விகள். ஜெராக்ஸ் செலவோடு முடிந்துவிடும். கேள்வித்தாள் ஆய்வைத் தாழ்த்திப் பேசுவது என் நோக்கமில்லை. பணமில்லாததால் மட்டும் எல்லாரும் அங்கே போய் நிற்பதுதான் குறை.

வேறு இடங்களில் எப்படி

அமெரிக்காவில் 1974-இல் வந்த தேசிய ஆராய்ச்சிப் பணி விருதுச் சட்டத்தின் கீழ் டி35 என்றொரு மானியம் உண்டு. தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனமும் இதன் வழியாகப் பணம் தருகிறது. எட்டு முதல் பன்னிரண்டு வாரம், பெரும்பாலும் கோடை விடுமுறையில். விண்ணப்பிப்பது கல்லூரி, பணம் கல்லூரிக்கு முன்கூட்டியே வருகிறது, மாணவருக்கு வேலை நடக்கும் மாதத்திலேயே உதவித்தொகை, பயிற்சிச் செலவுக்குத் தனியாக ஒரு பகுதி. அமெரிக்க இதயச் சங்கமும் மருத்துவம் படிக்காத இளநிலை மாணவர்களைக் கோடைக்கால ஆய்வில் சேர்த்துக்கொள்ள உதவுகிறது. அங்கே இடர்ப்பாட்டை நிறுவனம் சுமக்கிறது. இங்கே மாணவர் சுமக்கிறார். அந்நாட்டின் செல்வத்தை நாம் கொண்டுவர முடியாது, இந்த ஏற்பாட்டைக் கொண்டுவர முடியும்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பெங்களூரு இந்திய அறிவியல் அகாதமியும் மற்ற இரண்டு தேசிய அறிவியல் அகாதமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி நல்கை, அறிவியல் மாணவரை இரண்டு மாதம் வேறோர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறது. உதவித்தொகையோடு பயணச் செலவும் உண்டு. உளுந்தூர்பேட்டையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள ஜிப்மர், தன் பொன்விழாவின் பெயரால் இளநிலை மாணவர்களுக்கென்றே ஒரு குறுகியகால ஆராய்ச்சி விருது வைத்திருக்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கும் உள் ஆராய்ச்சி நிதி உண்டு. இவை பழைய, வசதியுள்ள நிறுவனங்கள். இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு மாணவருக்குக் கிடைப்பது சிறுவங்கூர் மாணவருக்குக் கிடைக்காமல் போவது திறமையால் வந்த வேறுபாடல்ல.

இன்னொரு விடுபடலும் இருக்கிறது. எஸ்.டி.எஸ். மருத்துவ, பல் மருத்துவ மாணவருக்கு மட்டுமானது. விருத்தாசலத்திலோ கள்ளக்குறிச்சியிலோ அரசுக் கலைக்கல்லூரியில் புள்ளியியலோ உயிர்வேதியியலோ படிக்கிறவருக்கு அதில் இடமில்லை. நான் மேலே போட்ட 518 பேர் கணக்கை மருத்துவ மாணவரைவிடச் சரியாகப் போடக்கூடியவர் அந்தப் புள்ளியியல் மாணவர்தான். செவிலியர் மாணவர் ரத்த அழுத்தத்தை இன்னும் பொறுமையாக அளப்பார். இவர்களைச் சேர்த்து ஒரு குழுவாக அனுப்பும் ஏற்பாடு நம்மிடம் இல்லை.

மறுப்புகள்

முன்பணம் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வேலையை முடிக்காமல் விட்டுவிடுவார்கள் என்பது முதல் மறுப்பு. பொய்யென்று தள்ள முடியாது. ஆனால் பணத்தைக் கல்லூரியிடம் கொடுத்து, பாதியைத் தொடக்கத்திலும் மீதியை அறிக்கை ஏற்கப்பட்ட பின்னும் தந்தால் இழப்பு பாதியாகும். பயணச் செலவைப் பற்றுச்சீட்டின் பேரில் கொடுக்க அரசு அலுவலகங்களுக்குத் தெரியாதா என்ன?

இரண்டாவது மறுப்பு வலுவானது. மேற்படிப்புக்கு வழி நீட் முதுநிலை போன்ற நுழைவுத் தேர்வுகளின் தரவரிசை மட்டுமே. அமெரிக்க மாணவர் ஆய்வுக் கட்டுரையைக் காட்டி மேற்பயிற்சி இடத்துக்குப் போட்டியிடலாம். நம் மாணவருக்கு ஆய்வில் போன இரண்டு மாதம் கேள்வி வங்கியிலிருந்து கழிந்த இரண்டு மாதம். அதோடு நம் மருத்துவக் கல்லூரிகளில் அமெரிக்கா போல நீண்ட கோடை விடுமுறை கிடையாது. வகுப்புக்கும் வார்டுக்கும் நடுவே நேரம் திருடித்தான் எஸ்.டி.எஸ். செய்கிறார்கள். பணத்தை மட்டும் கூட்டினால் போதும் என்று வாதிடுவோர் (ஓரளவு நானும்) இதற்கு முழுப் பதில் வைத்திருக்கவில்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டத்திலேயே தெரிவுப் பயிற்சிக்கென்று நாட்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பார்க்கும் திட்டமும் 2022 முதல் இருக்கிறது. ஆண்டுக்கு 150 மாணவர், ஆளுக்கு மூன்று குடும்பம் என்றாலும் 450 குடும்பங்கள். அவர்களது ரத்த அழுத்தத்தை ஒரே முறையில், ஒரே தரமான கருவியில் அளந்து பதிந்தாலே சில ஆண்டுகளில் மாவட்டத்துக்கென்று ஒரு தொடர் பதிவு உருவாகிவிடும். புதிதாக நேரம் தேட வேண்டாம். இருக்கிற நேரத்தைப் பதிவேட்டை நிரப்புவதில் வீணாக்காமல் இருந்தால் போதும்.

மூன்றாவது, இரண்டு மாதத்தில் உருப்படியாக என்ன தெரிந்துவிடும் என்பது. தமிழ்நாட்டின் அனுபவமே இதற்குப் பதில். பெரிய மருத்துவமனைகளையும் சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகளையும் ஈ.சி.ஜி. தகவலாலும் ஆம்புலன்சாலும் இணைத்த தமிழ்நாடு ‘ஸ்டெமி’ திட்டத்தில், கடும் மாரடைப்பு வந்தவர்கள் ஓராண்டுக்குள் இறக்கும் விகிதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்ததை 2017-இல் ‘ஜாமா கார்டியாலஜி’ பதிவுசெய்தது. அந்தப் பெரிய ஆய்வு நின்றது சின்னச் சின்ன நேரக் குறிப்புகளின் மேல்தான்: வலி தொடங்கிய நேரம், ஈ.சி.ஜி. எடுத்த நேரம், ஊசி போட்ட நேரம். 2023 ஜூன் 27-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாட்டின் என 14 மாத்திரைகள் உடனே தரப்படுகின்றன. உளுந்தூர்பேட்டை வட்டத்தின் துணை சுகாதார நிலையங்களில் அந்தப் பொட்டலம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, காலாவதி தேதி என்ன, யாருக்குக் கொடுத்தார்கள், அவர் எத்தனை மணிக்கு மேல் மருத்துவமனையை அடைந்தார் என்று பார்த்துவர ஒரு மாணவருக்கு இரண்டு மாதம் தாராளம்.

பணம் எங்கிருந்து வரலாம்

கணக்கு பெரிதல்ல. ஆண்டுக்குப் பத்து மாணவர், ஆளுக்கு ஐ.சி.எம்.ஆர். தருகிற அதே 50,000 என்றால் ஐந்து லட்சம். ஆய்வுச் செலவுக்கு இன்னொரு ஐந்து லட்சம். ஒரு கல்லூரிக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய். அரசின் புதிய 11 கல்லூரிகளுக்கும் சேர்த்து ஒரு கோடியே பத்து லட்சம். மருத்துவக் கல்வி இயக்ககமோ தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமோ ஏற்க முடியாத தொகை அல்ல. மலை பற்றிய ஆய்வென்றால் கல்வராயன் மலையின் ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்ட அலுவலகம் தங்குமிடம் தரலாம். மாணவருக்குப் பணத்தைவிட அதுவே பெரிய உதவி.

தனியார் பணமும் இருக்கிறது. உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் 2,302 கோடி ரூபாய் முதலீட்டில் காலணி ஆலை அமைக்கத் தைவானின் பௌ சென் நிறுவனம் 2023-இல் ஒப்பந்தம் போட்டது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் அதில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அரசு நிதியில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்டிப் பெயர் பொறிப்பது எளிது, படமும் நன்றாக வரும். ஷிப்டு முறையில் நின்று வேலை செய்யப்போகும் ஆயிரக்கணக்கான இளம்பெண்களின் ரத்த அழுத்தமும் ரத்தசோகையும் ஐந்தாண்டில் எப்படி மாறுகின்றன என்ற ஆய்வுக்கு ஆலைகள் பணம் தருமா என்பது வேறு கேள்வி. தந்தால், முடிவை வெளியிடும் உரிமை மாணவரிடமும் கல்லூரியிடமும்தான் இருக்க வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும்.

இவையெல்லாம் நடக்கும்வரை இருக்கிற எஸ்.டி.எஸ். இருக்கிறது. வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் கையெழுத்துப் போடாமல் எந்த மாணவரும் அதற்கு விண்ணப்பிக்க முடியாது; நெறிமுறைக் குழு கூடாமல் ஆய்வைத் தொடங்கவும் முடியாது. இரண்டுக்கும் பணம் தேவையில்லை. கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: அடுத்த அழைப்பு வருவதற்குள் நெறிமுறைக் குழுவின் கூட்டத் தேதிகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், பேருந்துக் கட்டணத்துக்கு யோசிக்கிற மாணவர் யார் என்று கேட்டு அவருக்கு முதலில் வழிகாட்டியாகுங்கள்.